பிரபலங்கள் எழுதிய சிரிப்புக் கடிதங்கள்: நிஜமானவை மட்டும் வேண்டும்

பாளை_வாசகன்

வணக்கம் மக்களே. எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்துக்கு என் தலையில் கட்டியிருக்கும் தலைப்பு "பெரிய மனிதர்களின் நகைச்சுவைக் கடிதங்கள்". வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்ற வாத்தியார்கள், வங்கியில் இருந்தவர்கள், அப்புறம் கட்டாயத்தின் பேரில் கூட்டிவரப்படும் சில கல்லூரிப் பிள்ளைகள். கால் மணி நேரம் பேசினால் போதும். ஆனால் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சிரிக்க வைக்காவிட்டால் டீ குடிக்கும்போது சொல்லிக் காட்டியே கொன்றுவிடுவார்கள்.

இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற சரக்கு. பெர்னார்ட் ஷா சர்ச்சிலுக்கு நாடக டிக்கெட் அனுப்பிய கதையை அங்கே எல்லாரும் கேட்டாயிற்று, அது நிஜமா என்பதும் சந்தேகமாக இருக்கிறது. முன்வரிசையில் ஒரு வரலாற்று வாத்தியார் உட்காருவார், எதைச் சொன்னாலும் "எங்கே பதிவாகியிருக்கிறது?" என்று கேட்பார், அவருக்குப் பதில் சொல்ல முடிகிற மாதிரி இருக்க வேண்டும். ஆங்கிலச் சிலேடை வேண்டாம், நான் தமிழில்தான் சொல்லப்போகிறேன். வெறும் துணுக்காக இல்லாமல் யார் யாருக்கு எதற்காக எழுதினார் என்ற பின்கதையோடு சொன்னால் புண்ணியமாகப் போகும். நம் நாட்டு ஆட்களும் இருந்தால் நல்லது.

பழம்புத்தகம்

முதலில் ஷாவையும் சர்ச்சிலையும் ஓரங்கட்டுங்கள். "முதல் நாளுக்கு ரெண்டு டிக்கெட், ஒன்று உங்கள் நண்பருக்கு, அப்படி ஒருவர் இருந்தால்", அதற்கு "முதல் நாள் வர இயலாது, இரண்டாம் நாள் வருகிறேன், அப்படி ஒன்று இருந்தால்" - கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் ஷா உயிரோடு இருக்கும்போதே ஒருவர் கேட்டு, ஷாவும் மறுத்துவிட்டார், சர்ச்சில் தரப்பும் மறுத்துவிட்டது. எந்த நாடகத்துக்கு டிக்கெட் என்பதுகூட சொல்கிற ஆளுக்கு ஆள் மாறுகிறது, அதிலிருந்தே தெரியவில்லையா?

அந்த இடத்தில் க்ரூச்சோ மார்க்ஸை வையுங்கள். மார்க்ஸ் சகோதரர்கள் அந்தக் கால அமெரிக்க சினிமாவின் நகைச்சுவைக் குழு என்று ஒரு வரி அறிமுகம் போதும் (கார்ல் மார்க்ஸ் இவர்களுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அதே வரியில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பின்வரிசையில் யாராவது எழுந்து நிற்பார்கள்). 1942ல் வார்னர் பிரதர்ஸ் கம்பெனி "காசாபிளாங்கா" என்று ஒரு படம் எடுத்துப் பெரிய வெற்றி. 1946ல் மார்க்ஸ் சகோதரர்கள் "எ நைட் இன் காசாபிளாங்கா" என்று ஒரு படம் எடுக்கிறார்கள். தலைப்பைப் பார்த்துவிட்டு வார்னர் கம்பெனியின் சட்டப் பிரிவிலிருந்து விசாரணை வருகிறது. அதற்கு க்ரூச்சோ எழுதிய பதில்தான் சங்கதி.

காசாபிளாங்கா என்கிற ஊர் முழுக்க வார்னர் சகோதரர்களுக்கே பாத்தியப்பட்டது என்பது எனக்கு இதுநாள் வரை தெரியாமல் போயிற்று என்று ஆரம்பிக்கிறார். அப்புறம் 1471ல் உங்கள் கொள்ளுத் தாத்தாவின் அப்பா ஃபெர்டினாண்ட் பால்போவா வார்னர் என்பவர் பர்பாங்க் போகக் குறுக்கு வழி தேடிப் போய் ஆப்பிரிக்கக் கரையில் ஒதுங்கி இந்த ஊருக்குப் பெயர் வைத்தார் போலிருக்கிறது என்று பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் பார்க்கிற சிரத்தையோடு எழுதுகிறார். பர்பாங்க் என்பது கலிஃபோர்னியாவில் வார்னர் ஸ்டூடியோ இருக்கிற இடம், அதைச் சொன்னால்தான் சிரிப்பு வரும்.

அடுத்தது: உங்கள் படத்தை மறுபடி வெளியிட்டால்கூட, ஒரு சராசரி ரசிகர் நாளாவட்டத்தில் இன்க்ரிட் பெர்க்மனுக்கும் ஹார்ப்போவுக்கும் வித்தியாசம் கண்டுபிடித்துவிடுவார் என்று நம்புகிறேன், என்னால் முடியுமா தெரியவில்லை, ஆனால் முயன்று பார்க்க ரொம்ப ஆசை. ஹார்ப்போ க்ரூச்சோவின் அண்ணன், சுருட்டைத் தலை விக்கோடு வாயே திறக்காமல் கையில் ஹாரன் அடித்துக்கொண்டு திரிகிற ஆள். பெர்க்மன் வார்னர் படத்தின் கதாநாயகி, அந்தக் காலப் பேரழகி. ரெண்டு பேர் படத்தையும் ஒரு காகிதத்தில் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பேச்சு பாதி குறையும்.

அதோடு விடவில்லை. வார்னர் என்ற பெயர் வேண்டுமானால் உங்களுடையதாக இருக்கட்டும், "பிரதர்ஸ்" எப்படி உங்களுடையதாகும், தொழிலில் உங்களுக்கு முன்னாலேயே நாங்கள் சகோதரர்களாயிற்றே என்று எதிர்வழக்குப் போடுகிறார். ஜாக் வார்னரைத் தனியாகப் பிடித்து, ஜாக் என்ற பெயர் உங்கள் சொந்தச் சரக்கா, உங்களுக்கு முன்பே லண்டனில் கொலைகாரன் ஒருவன் அந்தப் பெயரில் பிரசித்தமாயிற்றே என்று கேட்கிறார்.

எனக்கு இதைவிடப் பிடித்தது பின்தொடர்ச்சிதான். சட்டப் பிரிவு அசராமல், சரி, படத்தின் கதை என்ன என்று கேட்டு எழுதுகிறது. க்ரூச்சோ பவ்யமாகக் கதை எழுதி அனுப்புகிறார்: தான் ஒரு பாதிரியார், ஓய்வு நேரத்தில் டப்பா திறப்பான் விற்பவர். ஹார்ப்போ ஊருக்கு வெளியே ஒரு சின்ன கிரேக்க ஜாடிக்குள் குடியிருப்பவர். விளங்கவில்லை, இன்னும் விவரம் வேண்டும் என்று மறுபடி கடிதம். அதற்கு, மன்னிக்கவும், போன கடிதத்துக்குப் பிறகு கதையில் சில மாற்றங்கள், இப்போது நான் ஹம்ஃப்ரி போகார்ட்டின் காதலியாக நடிக்கிறேன் என்று பதில். போகார்ட்தான் வார்னர் படத்தின் கதாநாயகன். அதற்கப்புறம் அங்கிருந்து கடிதமே வரவில்லை.

வாத்தியார் கேட்டால்: க்ரூச்சோவின் கடிதங்கள் 1967ல் புத்தகமாக வந்தன, காகிதங்கள் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன.

கணக்கப்பிள்ளை

கடிதம் நிஜம்தான், வழக்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வார்னர் கம்பெனி கோர்ட்டுக்குப் போகவே இல்லை. மார்க்ஸ் சகோதரர்கள் தங்கள் படத்தை முதலில் போகார்ட் படத்தைக் கிண்டல் பண்ணும் படமாகத்தான் யோசித்தார்கள், கதாபாத்திரத்துக்கு ஹம்ஃப்ரி போகஸ் என்று பெயர்கூட வைத்திருந்தார்கள், ஆக வார்னர் ஆட்கள் கதை என்னவென்று கேட்டதில் தப்பில்லை. க்ரூச்சோ அந்த விசாரணையை ஊதிப் பெருக்கிப் படத்துக்கு இலவச விளம்பரமாக்கிக்கொண்டார். "பெரிய கம்பெனி ஏழைக் கலைஞனை மிரட்டியது" என்ற ரீதியில் பேசினால் முன்வரிசை உங்களை வறுத்துவிடும்.

பழம்புத்தகம்

கணக்கு சார் சொல்வது சரி. விளம்பரத்துக்காக எழுதியது என்பதால் சிரிப்பு ஒன்றும் குறையப்போவதில்லை, அதையும் சேர்த்துச் சொன்னால் ஆள் எவ்வளவு கெட்டிக்காரர் என்பது தெரியும்.

க்ரூச்சோவை விட்டு வருவதற்கு முன் இன்னொன்று. டி. எஸ். எலியட் இவருடைய ரசிகர். நோபல் பரிசு வாங்கின கவிஞர், 1961ல் க்ரூச்சோவிடம் புகைப்படம் கேட்டு எழுதுகிறார். க்ரூச்சோ சாதாரணமாக இருக்கிற படம் ஒன்றை அனுப்ப, எலியட்டுக்கு ஏமாற்றம், மீசையும் சுருட்டுமாக ஒன்று வேண்டும் என்கிறார். எலியட்டின் படம் பதிலுக்குப் போகிறது. அதைப் பார்த்துவிட்டு க்ரூச்சோ, நீங்கள் இவ்வளவு அழகர் என்று தெரியாதே, உங்களைக் கவர்ச்சிப் படங்களில் கதாநாயகனாகப் போடாதது நடிகர் தேர்வு செய்கிறவர்களின் முட்டாள்தனம்தான் என்று எழுதுகிறார். எலியட் படத்தைப் பார்த்தவர்களுக்கு இது போதும்!

1964 ஜூனில் க்ரூச்சோ லண்டன் வருகிறார், எலியட்டைப் பார்க்கவும் வந்திருக்கிறேன் என்று அவர் சொன்னது பேப்பரில் வருகிறது. எலியட் எழுதுகிறார்: இந்தச் செய்தியால் எங்கள் வட்டாரத்தில் என் மதிப்பு மிகவும் உயர்ந்துவிட்டது, முக்கியமாக எதிர்த்த காய்கறிக்கடைக்காரரிடம். ஒரு கவிஞருக்கு ஊரில் நிஜமான மரியாதை எங்கே கிடைக்க வேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. விருந்துக்குப் போகுமுன் க்ரூச்சோ பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி எலியட்டின் நீண்ட கவிதையை மூன்று தடவை படித்து, கூடவே ஷேக்ஸ்பியரின் "கிங் லியர்" நாடகத்தையும் புரட்டிக்கொண்டு போகிறார். அங்கே இவர் லியரைப் பற்றி ஆரம்பித்தால் எலியட்டுக்கு அதில் நாட்டமே இல்லை. மார்க்ஸ் சகோதரர்களின் "டக் சூப்" படத்தில் அந்த நீதிமன்றக் காட்சி ஞாபகம் இருக்கிறதா என்று அவர் கேட்கிறார். நல்லவேளை, எனக்கு ஒரு வார்த்தைகூட ஞாபகமில்லை என்று க்ரூச்சோ தம்பி கம்மோவுக்கு எழுதியிருக்கிறார். இந்த விருந்துக் கதை முழுக்க அந்தத் தம்பிக்கு எழுதின கடிதத்தில்தான் இருக்கிறது.

மதுரக்காரி

நான் ரொம்ப வருஷம் ஒரு அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தவள், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். கடிதத்தை வாங்குகிற பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். கோபமாக வருகிற கடிதத்துக்கு முத்திரை குத்தி, எண் போட்டு, பிரிவுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுவோம், ஏனென்றால் எல்லாருமே கோபமாகத்தான் எழுதுகிறார்கள். எப்போதாவது ஒருத்தர் நாங்கள் எழுதுகிற பாணியிலேயே பொருள், பார்வை எல்லாம் போட்டு, மரியாதையாக, ஆனால் நாங்கள் கேட்ட கேள்வியை அப்படியே பிடித்துக்கொண்டு எழுதுவார். அந்தக் கடிதம் மேஜை மேஜையாகப் போகும், கண்காணிப்பாளர் வாசித்துக்காட்டுவார், சாயங்காலத்துக்குள் அந்த ஆளுடைய வேலையும் முடிந்திருக்கும்.

அந்த வகையில் என் ஓட்டு ஈ. பி. ஒயிட் என்ற அமெரிக்க எழுத்தாளருக்கு. 1951 ஏப்ரலில் நியூயார்க்கில் பிராணி வதைத் தடுப்புச் சங்கத்திலிருந்து அவருக்கு ஒரு நோட்டீஸ் வருகிறது: உரிமம் இல்லாத நாயைச் சட்டவிரோதமாக அடைக்கலம் வைத்திருக்கிறீர். அந்த ஊரில் நாய் உரிமம் கொடுக்கிற வேலை அப்போது அந்தச் சங்கத்திடம்தான் இருந்தது.

ஒயிட் முதல் வரியிலேயே, "தேதியிடப்படாத" தங்கள் கடிதம் கிடைத்தது என்கிறார். அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும் அந்த ஒரு வார்த்தை எங்கே குத்தும் என்று. அடுத்து, அடைக்கலம் என்று தாங்கள் குறிப்பிடுவது ராத்திரியில் ரெண்டு மூன்று தடவை எழுந்து மின்னியின் போர்வையை இழுத்துவிடுவதையா, அப்படியென்றால் ஆமாம், நான் நாயை அடைக்கலம் வைத்திருப்பது உண்மைதான் என்று ஒப்புதல் வாக்குமூலம். மின்னி என்பது டாக்ஸ்ஹண்ட் ஜாதி, அதாவது உடம்பு நீளமாகவும் கால் நாலு விரல்கடை உயரமாகவும் இருக்கும் நாய். சங்கத்துப் படிவத்தில் நாயின் பெயர், பாலினம், இனம், தொலைபேசி எண் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். கடைசி விவரம் யாருடையது என்று நமக்குத் தெரியும். ஒயிட் அதை மின்னியின் எண்ணாகவே எடுத்துக்கொண்டு விளக்கம் தருகிறார்: அவள் தொலைபேசியை எடுப்பதில்லை, டாக்ஸ்ஹண்ட் என்பதால் அவளுக்கு எட்டாது, எட்டினாலும் எடுக்கமாட்டாள், வெளியாட்கள் பேச்சில் அவளுக்கு ஆர்வமில்லை.

ஒரு இடத்தில்கூடக் குரல் உயரவில்லை பாருங்கள். இதை முகத்தைச் சுளிக்காமல், அலுவலகக் கடிதம் வாசிக்கிற குரலில் வாசியுங்கள் தம்பி. வங்கிக்காரர்கள் நிச்சயம் சிரிப்பார்கள், அவர்களும் படிவத்தில் வாழ்ந்தவர்கள்தான்.

மைக்கூடு

அக்கா சொன்னதற்கு அப்படியே எதிர்ப்பக்கம் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் இருக்கிறார். 1891ல் ஹார்ட்ஃபோர்ட் நகர எரிவாயுக் கம்பெனிக்கு ஒரு கடிதம், முன்னறிவிப்பில்லாமல் வாயுவை நிறுத்துகிறார்கள் என்று. ஒரே வாக்கியத்தில் மூன்று தடவை சாபம் விடுகிறார், ஆனால் அந்த வாக்கியம் எப்படி ஆரம்பிக்கிறது என்றால், இப்படியே போனால் என்றைக்காவது ஒரு நாள் நீங்கள் என்னை எரிச்சலின் விளிம்புக்கே கொண்டுவந்துவிடுவீர்கள் என்று. பாதிக் குடும்பத்தைப் படுக்கையிலேயே மூச்சுமுட்ட வைத்து மீதியை வெடிக்கவும் வைக்கப் பார்த்தீர்கள், இன்றைக்கும் அதேதான் என்று எழுதிவிட்டுக் கடைசியில் ஒரே கேள்வி: உங்களிடம் தொலைபேசி இல்லையா? கோபத்திலும் சிரிப்பு வரும் என்பதற்கு இது அத்தாட்சி, எல்லாருக்கும் கைவராது என்பது வேறு விஷயம்.

ஆனால் கூட்டத்துக்கு நான் சிபாரிசு செய்வது அவர் ஆண்ட்ரூ கார்னகிக்கு எழுதியது. கார்னகி எஃகு வியாபாரத்தில் கோடி கோடியாகச் சம்பாதித்துவிட்டு ஊர் ஊராக நூலகம் கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். ட்வெய்ன் எழுதுகிறார், தாங்கள் செழிப்பாக இருப்பதாகத் தெரிகிறது, தங்கள் அபிமானி ஒருவனுக்குப் பாமாலைப் புத்தகம் (தேவாலயத்தில் பாடுகிற பாட்டுப் புத்தகம்) வாங்க ஒன்றரை டாலர் கடன் தர இயலுமா, கடவுள் ஆசீர்வதிப்பார். கீழே பின்குறிப்பு: புத்தகத்தை அனுப்ப வேண்டாம், பணமாக அனுப்பவும், நானே பார்த்து வாங்கிக்கொள்கிறேன். பாளையங்கோட்டையில் இதைச் சொன்னால் விளக்கவே வேண்டியிருக்காது.

வாத்தியார்கள் இருக்கிறார்கள் என்றீர்களே, அவர்களுக்குப் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின். 1776 கடைசியில் அமெரிக்காவின் தூதராக பிரான்ஸ் போய் இறங்குகிறார், அப்போது எழுபது வயது. இறங்கின நாளிலிருந்து வாசலில் கூட்டம், ஐரோப்பாவில் வேலையில்லாமல் இருந்த ராணுவ அதிகாரிகள் எல்லாம் அமெரிக்கப் படையில் சேர சிபாரிசுக் கடிதம் கேட்டு நிற்கிறார்கள். தாங்கமாட்டாமல் 1777ல், முன்பின் தெரியாதவருக்கு சிபாரிசு செய்ய என்று ஒரு மாதிரிக் கடிதமே எழுதிவைத்தார். இதைக் கொண்டுவருபவர் என்னை நச்சரித்து சிபாரிசு கேட்கிறார், எனக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது, பெயர்கூடத் தெரியாது. இது தங்களுக்கு விசித்திரமாகப் படலாம், ஆனால் இங்கே இது சகஜம். சில சமயம் முகம் தெரியாத ஒருவர் முகம் தெரியாத இன்னொருவரை அழைத்துவந்து சிபாரிசு செய்கிறார், சில சமயம் இருவரும் ஒருவருக்கொருவர் செய்துகொள்கிறார்கள். இவருடைய குணநலன்களை இவரிடமே கேட்டறிந்துகொள்ளவும், அவை என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். வருஷாவருஷம் முகமே நினைவில்லாத பையனுக்கு "நடத்தையும் பண்பும் நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தலைமையாசிரியர் ஒருவராவது அங்கே இருப்பார், அவரைப் பார்த்துக்கொண்டே வாசியுங்கள்.

நேரம் இருந்தால் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கால ஜனாதிபதி லிங்கன். 1862 செப்டம்பரில் ஆண்டீட்டம் சண்டை முடிந்து ஒரு மாதத்துக்கும் மேல் தளபதி மெக்லெல்லன் நகரவே இல்லை, குதிரைகளுக்கு நாக்குப் புண், களைப்பு என்று தகவல் அனுப்புகிறார். ஆண்டீட்டத்துக்குப் பிறகு உங்கள் குதிரைகள் களைத்துப்போகிற அளவுக்கு என்ன செய்தன என்று கேட்டால் மன்னிப்பீர்களா என்று ஜனாதிபதியிடமிருந்து பதில். நவம்பர் தொடக்கத்தில் மெக்லெல்லன் பதவி போயிற்று.

தென்காசிச்சாரல்

நம் ஆட்கள் கேட்டீர்களே, காந்தியும் சரோஜினி நாயுடுவும். 1914ல் லண்டனில் முதல் சந்திப்பு: இந்த அம்மா தேடிக்கொண்டு போய்ப் பார்த்தால், மொட்டைத் தலையோடு ஒரு சின்ன மனிதர் தரையில் சிறைக் கம்பளியில் உட்கார்ந்து, சிறையில் கொடுத்த மரக் கிண்ணத்தில் நசுங்கின தக்காளியையும் ஆலிவ் எண்ணெயையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பார்த்ததும் சிரித்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அங்கே ஆரம்பித்த கிண்டல் கடைசி வரை. சரோஜினிக்குக் காந்தி "சின்ன மனிதர்", "மிக்கி மவுஸ்". காந்தி எழுதும்போது இந்த அம்மா "புல்புல்" (பாடும் பறவை), சில கடிதங்களில் "அம்மாஜான்". சிறையிலிருந்து எழுதுகிற கடிதத்திலேயே புல்புல் என்று தொடங்கிச் சின்ன மனிதன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். நாடே மகாத்மா என்று கைகூப்பிய ஆளிடம் இப்படிப் பேச ஒருத்தர் இருந்தார், அதை அவர் ரசிக்கவும் செய்தார்.

தமிழில் என்றால் பாரதியின் சீட்டுக்கவி, அதாவது புரவலரிடம் பரிசு கேட்டுப் பாட்டாகவே எழுதுகிற கடிதம். 1919ல் எட்டயபுரம் ஜமீனுக்கு எழுதியது. தமிழ்நாட்டுக்குக் கவியரசர் இல்லை என்ற வசை என்னால் கழிந்தது என்று சொல்லிவிட்டு, நான் பாட நீ கேட்டு ஜயப்பறை சாற்றுவித்து சாலுவை, பொற்பை, ஜதி பல்லக்கு எல்லாம் கொடு என்று பட்டியல் போடுகிறார். கையில் காசில்லாத ஆள் பல்லக்குக் கேட்கிற தோரணை இருக்கிறதே!

கணக்கப்பிள்ளை

சாரல் சார், அதை நகைச்சுவையில் சேர்க்காதீர்கள். சீட்டுக்கவி என்றாலே புலவன் தலை நிமிர்ந்து கேட்பதுதான் மரபு, பழைய புலவர் அந்தகக்கவி வீரராகவரிலிருந்து அப்படித்தான். பாரதி விளையாட்டாகப் பல்லக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தனக்கு உரியது என்று நினைத்துத்தான் கேட்டார். அங்கே சிரித்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

தென்காசிச்சாரல்

மரபு எனக்கும் தெரியும் ஐயா. ஆனால் ஜமீனுக்குக் கடிதம் எழுதுகிறவர், கேட்கப்போகும் பரிசுகளின் பட்டியலையும் தானே எழுதிக்கொடுக்கிறபோது உதட்டோரம் ஒரு சிரிப்பு இல்லாமலா எழுதியிருப்பார்? நான் அப்படித்தான் வாசிக்கிறேன். சரி, வாசகர் முடிவு செய்யட்டும்.

பாளை_வாசகன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நான் எதிர்பார்த்தது ரெண்டு மூன்று துணுக்கு, நீங்கள் ஒரு நாள் கருத்தரங்குக்கே சரக்குக் கொடுத்துவிட்டீர்கள். சீட்டுக்கவியை நான் தொடப்போவதில்லை, எங்கள் ஊரில் பாரதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கூட்டம் என் கையில் இருக்காது. ஒயிட், ஃப்ராங்க்ளின், க்ரூச்சோ மூன்றும் உறுதி. காந்தியையும் சரோஜினி அம்மாவையும் நடுவில் எங்காவது. எதை முதலில் வைப்பது?

மதுரக்காரி

ஃப்ராங்க்ளினை முதலில் வையுங்கள் தம்பி, சின்னது, வாத்தியார்கள் உடனே உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள். க்ரூச்சோவைக் கடைசிக்கு விடுங்கள், ஆனால் கொள்ளுத்தாத்தா, போகார்ட் காதலி ரெண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் சொன்னால் கால் மணி அங்கேயே போய்விடும். மின்னி கடிதத்தை மட்டும் சுருக்காதீர்கள், படிவத்தில் கேட்ட விவரங்களை ஒவ்வொன்றாக வாசித்து, தொலைபேசி எண் வரும்போது கொஞ்சம் நிறுத்துங்கள்.

மைக்கூடு

எட்டாது என்பதற்கு நாயின் உயரத்தைக் கையால் காட்டிவிடுங்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு மேஜைத் தொலைபேசி என்றால் என்ன என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.